பகடை உருளட்டும்: பதின்மூன்றாம் லெவல் தலைவலிகள்

இந்த மாதம் தபால் பையைக் கொட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே புலம்பல். ‘எங்கள் ஆட்டக்காரர்கள் வளர்ந்துவிட்டார்கள். என்ன எழுதிக்கொண்டு போனாலும் ஊதித் தள்ளுகிறார்கள்.’ ஆகவே இந்த இதழ் முழுக்க உயர் லெவல் சாகசங்களுக்கே. புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் (கேம் மாஸ்டர்) கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது; கேரக்டர் தேறத் தேற லெவல் ஏறும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில், அதாவது ஐந்தாம் பதிப்பில் உள்ள எண்களைத்தான் சொல்லப்போகிறேன். என் மேஜையில் ஓடுவது அதுதான். வேறு பதிப்போ வேறு ஆட்டமோ ஆடுகிறவர்கள் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வலி ஒன்றுதான்.

அக்கா, என் குழு 13ஆம் லெவலைத் தொட்டுவிட்டது. வில்லனின் கோபுரம் ஒரு பாலைவனத்தின் நடுவில் இருக்கிறது. ஏழு நாள் பயணம், மணற்புயல், கொள்ளைக்கூட்டம், பாதி புதைந்த கோயில் என்று மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். மந்திரவாதி ஆடும் நண்பன் ‘டெலிபோர்ட்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அடுத்த நொடி எல்லோரும் கோபுர வாசலில். இந்த மந்திரத்தையே தடை செய்துவிடலாமா?
— மணலில் புதைந்தவன்

வேண்டாம் தம்பி. நான் செய்து பார்த்துவிட்டேன்.

என்னுடையது பாலைவனம் இல்லை, பனிமலை. நாற்பது பக்க நோட்டு. கணவாய்க்கு ஒரு வரைபடம், குகைக்கு ஒரு வரைபடம், பனிச்சரிவில் யார் எத்தனை அடி உருளுவார்கள் என்பதற்குத் தனியாக ஓர் அட்டவணை. ஆட்டம் தொடங்கிப் பதினொன்றாவது நிமிடத்தில் குழு மலை உச்சியில் நின்றது. எனக்கு வந்த கோபத்தில், ‘இந்த மலையில் மந்திரம் எதுவும் வேலை செய்யாது’ என்று அந்த இடத்திலேயே அறிவித்தேன். மந்திரவாதி ஆடிய தோழி சண்டைக்கு வரவில்லை. கேரக்டர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீதி மூன்று மணி நேரமும் தன் பகடைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மந்திரத்தைப் பிடுங்கி வைப்பது பழைய வைத்தியம். 1980இல் வந்த ‘குயின் ஆஃப் தி டீமன்வெப் பிட்ஸ்’ சாகசம் வேறொரு உலகத் தளத்தில் நடக்கும். அங்கே பல மந்திரங்கள் கோணலாக வேலை செய்யும், சில வேலையே செய்யாது. அந்த நாளில் அதற்கு ஒரு பயமும் கவர்ச்சியும் இருந்தது. ஆனால் வாரா வாரம் அதையே செய்தால் என்ன ஆகும்? ஒருவர் 12 லெவல் பாடுபட்டு ஒரு சாவியைச் சம்பாதிக்கிறார். நீங்கள் பூட்டை மாற்றிவிடுகிறீர்கள்.

சரி, டெலிபோர்ட் விதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். எல்லோரும் முதல் வரியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். போகும் இடத்தை வர்ணனையாக மட்டும் கேட்டிருந்தாலோ, ஒரே ஒருமுறை பார்த்திருந்தாலோ, சரியாகப் போய் இறங்க வாய்ப்பு நூற்றுக்கு 27. விபத்துக்கு வாய்ப்பு 43. விபத்து என்றால் ஆளுக்கு மூன்று பத்துமுகப் பகடை சேதம், பிறகு அதே அட்டவணையில் இன்னொரு உருட்டல். விபத்து இல்லாமல் இலக்கு தவறினால், பயணம் செய்த தூரத்தில் ஒரு பங்கு தள்ளி, ஏதோ ஒரு திசையில் விழுவார்கள். நீங்கள் எழுதிய கொள்ளைக்கூட்டம் அங்கேதான் காத்திருக்கிறது. உங்கள் நண்பன் பகடையை உருட்டினானா, இல்லை ‘டெலிபோர்ட்’ என்று சொன்னதும் நீங்களே வாசலில் இறக்கிவிட்டீர்களா? கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. கடந்த ஆறு மாதத்துக்குள் அந்த இடத்திலிருந்து எடுத்த ஒரு பொருள் கையில் இருந்தால் குறி தப்பவே தப்பாது. அப்படியானால் வில்லன் கோபுரத்தின் ஒரு செங்கல் இப்போது பொக்கிஷம். அந்தச் செங்கல் யாரிடம் இருக்கிறது? கோபுரம் கட்டி முடித்ததும் துரத்தப்பட்ட கொத்தனாரிடமா? அவர் எங்கே ஒளிந்திருக்கிறார்? அவரை வேறு யார் தேடுகிறார்கள்? ஏழு நாள் பயணத்துக்குப் பதிலாக ஒரு செங்கல் வேட்டை. இதை எழுத எனக்கு அரைப் பக்கம் போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 13ஆம் லெவல் மந்திரவாதிக்கு 7ஆம் நிலை மந்திரம் ஒரு நாளைக்கு ஒன்றுதான். டெலிபோர்ட் 7ஆம் நிலை (இது மந்திரத்தின் படி, ஆளின் லெவல் வேறு). அதாவது போவதற்கு மட்டும் டிக்கெட் இருக்கிறது. திரும்புவது நாளைக்கு, அதுவும் நடுவில் நிம்மதியாகத் தூங்க முடிந்தால். கோபுரத்துக்குள் காயம்பட்டு, துரத்தப்பட்டு வெளியே ஓடி வரும்போது சுற்றிலும் என்ன இருக்கிறது? உங்கள் பாலைவனம். நீங்கள் எழுதியது வீணாகவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது.

வில்லனும் முட்டாள் இல்லையே, அவன் தடுப்புப் போட மாட்டானா என்று கேட்பீர்கள். போடுவான், போட வேண்டும். ஆனால் தடுப்பு வானத்திலிருந்து விழக் கூடாது; அதற்கும் விதி இருக்கிறது. ‘பிரைவேட் சாங்டம்’ என்று ஒரு மந்திரம். டெலிபோர்ட்டையும் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதையும் தடுக்கும். ஒருமுறை போட்டால் 24 மணி நேரம். நிரந்தரமாக்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில் ஓர் ஆண்டு முழுக்கத் தினமும் போட வேண்டும். இந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓர் ஆண்டு, தினமும், ஒரு நாள் விடாமல்! வில்லனே அதைச் செய்திருக்க மாட்டான். ஒரு சீடனைத்தான் உட்கார வைத்திருப்பான். அந்தச் சீடனுக்கு முந்நூறாவது நாள் காய்ச்சல் வந்தால்? பயத்தில் சொல்லாமல் மறைத்திருந்தால்? தடுப்பு நிரந்தரம் என்று வில்லன் நம்பிக்கொண்டிருக்கிறான். உண்மை தெரிந்த ஒரே ஆள் எங்கோ ஒரு துறைமுகத்தில் மீன் வலை பின்னிக்கொண்டிருக்கிறான். என் மேஜையில் அந்தச் சீடனைத் தேடி நான்கு செஷன் போனது. அவனிடம் பேசச் சென்றபோது ஒரு மந்திரம்கூடத் தேவைப்படவில்லை.

கடைசியாக, பாலைவனத்தைப் பற்றியே ஒரு வார்த்தை. அதைக் ‘கடப்பது’ இனி உங்கள் ஆட்டத்தில் ஒரு பிரச்சினை ஆகாது. அந்த ஆட்டம் 5ஆம் லெவலோடு முடிந்துவிட்டது; அப்போதே ஆடியிருக்க வேண்டும். ஆனால் பாலைவனம் ஒவ்வொரு இரவும் ஒரு கல் தூரம் வளர்கிறது, அதன் வழியில் மூன்று ஊர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிபோர்ட் செய்கிறவர் தன்னோடு எட்டுப் பேரைத்தான் தூக்க முடியும். கிணற்றடியில் நாலாயிரம் பேர் நிற்கிறார்கள். இப்போது நண்பனிடம் ‘டெலிபோர்ட் போடுகிறாயா?’ என்று நீங்களே கேட்கலாம்.

இறந்த குழுவினரை எழுப்பிவிடுகிறார்கள். சாவுக்குப் பயமே இல்லை. ஆட்டத்தில் விறுவிறுப்பு போய்விட்டதே?
— சவப்பெட்டி வியாபாரி

சாவைப் பணயமாக வைப்பதை விடுங்கள். ‘ட்ரூ ரெசரக்‌ஷன்’ வந்த பிறகு, 25,000 பொன் மதிப்புள்ள வைரம் இருந்தால் 200 ஆண்டுக்கு முன் செத்தவரையும் எழுப்பலாம். அதோடு நாம் போட்டி போட முடியாது. உயிர் திரும்பும், கெட்ட பெயர் திரும்புமா? எரிந்த நூலகம்? கொடுத்த வாக்கு?

ஆனால் ஒரு வரியை யாரும் கவனிப்பதில்லை: ஆன்மாவுக்குத் திரும்பி வர விருப்பம் இருக்க வேண்டும். எங்கள் மேஜையில் ஒரு வயதான வீரன் இறந்தான். வைரம் தயார், எழுப்பும் பூசாரியான கிளரிக் தயார். அந்தக் கேரக்டரை ஆடியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘வர மாட்டார். அங்கே அவருடைய மகள் இருக்கிறாள்’ என்றார். நான் எழுதிய எந்தப் பொறியும் அந்த மேஜையை அவ்வளவு நேரம் அமைதியாக வைத்ததில்லை.

மேடம், இறுதிச் சண்டைக்கு ஒரு லிச்சை வைத்திருந்தேன். அதிபயங்கரமான பிணமந்திரவாதி என்று ஆறு மாதமாகப் பில்டப் கொடுத்தேன். முதல் சுற்றிலேயே விண்கல் மழையைப் பொழிந்து முடித்துவிட்டார்கள். அதன் ஹிட் பாயின்டை, அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்ணை, மூன்று மடங்காக்கிவிடட்டுமா?
— ஆறு மாதம் வீண்

மேடம் வேண்டாமே, அக்கா போதும்.

கணக்கைப் பாருங்கள். விதிப்புத்தகத்தின் லிச்சுக்குச் சராசரி 135 ஹிட் பாயின்ட். ‘மீட்டியர் ஸ்வார்ம்’ என்ற 9ஆம் நிலை மந்திரத்தின் சேதம் நாற்பது ஆறுமுகப் பகடை, சராசரி 140. தப்பிக்கும் உருட்டலில் தோற்றால் கதை முடிந்தது. ஆனால் நாளுக்கு மூன்று முறை, தோற்ற உருட்டலை வென்றதாக மாற்றிக்கொள்ளும் ‘லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்’ லிச்சுக்கு உண்டு. அதை மறந்துவிட்டீர்களா? தவறில்லை, பில்டப் கொடுக்கும் பரபரப்பில் நான் ஒரு டிராகனுக்குப் பறக்கத் தெரியும் என்பதையே மறந்திருக்கிறேன்.

ஹிட் பாயின்டை ஏற்றினால் நடப்பது ஒன்றுதான்: அதே சண்டை மூன்று மடங்கு நேரம் ஓடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் எதிரில் ஐந்து பேர், அதாவது ஒரு சுற்றில் ஐந்து முறை. வில்லனுக்கு ஒரு முறை. இதைச் சரிக்கட்டத்தான் மற்றவர் முறைகள் முடியும்போது செயல்பட ‘லெஜண்டரி ஆக்‌ஷன்’ மூன்றும், சொந்தக் குகையில் இருந்தால் சுற்றின் முறைவரிசையில் 20ஆம் எண்ணிக்கையில் வரும் ‘லேர் ஆக்‌ஷன்’ ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றை ஒரு சீட்டில் எழுதி உங்கள் திரையின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். கண்ணில் பட்டால்தான் கை பயன்படுத்தும்.

இருந்தாலும் நான் சொல்ல வந்தது அதுவல்ல. லிச் செத்தால் என்ன? அதன் ஆன்மாவை ஒளித்து வைத்திருக்கும் உயிர்ப்பேழை பத்திரமாக இருந்தால், ஒன்று முதல் பத்து நாளுக்குள் புது உடம்போடு வந்துவிடும். உங்கள் ஆட்டக்காரர்கள் கொன்றது ஒரு சட்டையை. ஆறு மாதம் வீணாகவில்லை ஐயா, அடுத்த ஆறு மாதம் ஆரம்பித்திருக்கிறது. பத்துமுகப் பகடையை மறைவாக உருட்டி, எண்ணை யாரிடமும் சொல்லாமல் எழுதி வையுங்கள். குழு வெற்றி விழாக் கொண்டாடட்டும். அதற்குள் பேழையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு கிழட்டு நூலகர் வந்து சொல்லட்டும். எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்பார்கள். ‘பத்துக்கு மேல் இல்லை’ என்று மட்டும் சொல்லுங்கள்.

உயர் லெவல் வில்லனுக்கு நான் வைத்திருக்கும் ஒரே சோதனை இது: அவனை இன்றைக்குக் கொன்றுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? தீர்ந்துவிடும் என்றால் அந்த வில்லனை 8ஆம் லெவலுக்கு அனுப்பிவிடுங்கள்.

15ஆம் லெவலில் ஒரு கொலை மர்மம் நடத்த ஆசை. பிணத்தையே எழுப்பிக் கேட்டுவிடுகிறார்களே!
— துப்பறியும் பித்து

கேட்கட்டும். ‘ஸ்பீக் வித் டெட்’ ஐந்து கேள்விக்குத்தான் பதில் தரும். உயிரோடு இருந்தபோது தெரிந்ததுதான் பிணத்துக்குத் தெரியும். உண்மை சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முதுகில் குத்தப்பட்டவரிடம் ‘யார் குத்தியது?’ என்று கேட்டு ஒரு கேள்வியை வீணடிப்பார்கள், பாருங்கள்.

பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. ஆகவே முதல் காட்சியில் தலை இல்லாத உடல். குழு உடனே புரிந்துகொள்ளும்: கொலைகாரன் மந்திரம் தெரிந்தவன், நம்மைப் போன்ற ஆட்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்தவன். தலை இல்லாததே முதல் துப்பு.

அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. கொன்றது யார் என்று பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடட்டும்: பட்டத்து இளவரசி. அவளைப் பிடித்தால் எல்லைப் போர் தொடங்கும். விட்டால் இன்னொருவர் சாவார். குற்றவாளியைக் கண்டுபிடிக்க மந்திரம் இருக்கிறது. என்ன செய்வது என்று சொல்ல எந்த நிலையிலும் ஒரு மந்திரமும் இல்லை.

போன இதழில் ‘பத்தாம் லெவலோடு கேம்பெய்னை (மாதக்கணக்கில் ஓடும் தொடர்கதையை) முடித்துவிடுவது புத்திசாலித்தனம்’ என்று எழுதியிருந்தீர்கள். இது கோழைத்தனம் இல்லையா? அப்புறம் எதற்கு 20 லெவல் அச்சிட்டிருக்கிறார்கள்?
— இருபதுக்கு ஏங்குபவள்

அடி சரியான இடத்தில் விழுந்தது. அந்த வரியை எழுதியது ஒரு மோசமான ஆட்டத்துக்கு மறுநாள். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

20 என்ன, அதற்கு மேலும் போயிருக்கிறார்கள். 1988இல் வந்த ‘த்ரோன் ஆஃப் பிளட்ஸ்டோன்’ சாகசத்தின் அட்டையிலேயே 18 முதல் 100ஆம் லெவல் வரை என்று போட்டிருந்தது. நூறு! 2008இல் வந்த நான்காம் பதிப்பு 30 வரை போனது. எல்லை எங்கே என்பது பெரிய விஷயமில்லை. அங்கே போய் என்ன செய்வது என்பதற்கு யாராவது பதில் வைத்திருந்தார்களா என்பதுதான் கேள்வி. என் கணக்கில் மிக நல்ல பதில் 1984இல் ஃபிராங்க் மென்ட்சர் தொகுத்த ‘கம்பேனியன்’ பெட்டியில் வந்தது. 15 முதல் 25 லெவல் வரைக்கான பெட்டி. இன்னும் பெரிய அரக்கன் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘இந்தா, உனக்கு ஒரு நிலப்பகுதி, ஆண்டு காட்டு’ என்றது. வரி, படை, குடிமக்கள் உன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு ஓர் எண். பெரும்போர் நடத்தவும் அதிலேயே விதி இருந்தது.

அதற்கும் முன்பே, 1978ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டில், போர்வீரன் 9ஆம் லெவலில் கோட்டை கட்டிக் குடியேறலாம், ஆட்கள் தேடி வருவார்கள் என்று இருந்தது. பிறகு வந்த பதிப்புகளில் அது ஓரத்துக்குப் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உயர் லெவல் என்றால் நரகத்துக்குப் போய் அசுர அரசனை வெட்டுவது என்று மட்டும் ஒரு தலைமுறை நினைத்துக்கொண்டுவிட்டது.

நீங்கள் 20க்குப் போங்கள். போகும்போது 11ஆம் லெவலிலேயே அவர்கள் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்: ஒரு கோட்டை, ஒரு துறைமுகம், ஒரு மடாலயம். எங்கள் குழுவுக்கு ஒரு பாலம் கிடைத்தது. இரண்டு நாட்டுக்கு நடுவில் ஒரே ஒரு பாலம். ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் மேஜைமேல் மூன்று மனுக்களைத் துண்டுக் காகிதத்தில் வைப்பேன். ‘அகதிகள் வருகிறார்கள், விடலாமா?’ ‘சுங்கத்தைக் குறைத்தால் மட்டுமே தானிய வண்டி வரும்.’ ‘பாலத்தடி ராட்சசன் தன் மகனுக்குக் காவலர் வேலை கேட்கிறான்.’ ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கும். மற்ற இரண்டும் அவர்கள் இல்லாமலே நடக்கும். அந்த ராட்சசப் பையனுக்கு வேலை கொடுக்காத வினை 19ஆம் லெவலில் வந்து நின்றது.

ஒரு சாகசத்துக்கு எத்தனை பக்கம் தயார் செய்கிறீர்கள்? நான் முப்பது பக்கம் எழுதி மூன்றைத்தான் பயன்படுத்துகிறேன். தாங்கள் தேர்ந்த நடத்துநர் என்பதால் கேட்கிறேன்.
— கை வலிக்கும் எழுத்தர்

நடத்துநர் என்று படித்ததும் தோளில் தோல்பையும் வாயில் விசிலும் நினைவுக்கு வந்துவிட்டது. கேம் மாஸ்டர் என்றே இருக்கட்டும். ஆனால் உவமை பொருத்தம்தான்: வழித்தடம் மாறாத பஸ் ஓட்டத்தான் முப்பது பக்கம் வேண்டும். தாழ்ந்த லெவலில் பயணிகள் இறங்க மாட்டார்கள். 13க்கு மேல் ஜன்னல் வழியாகப் பறந்துபோவார்கள்.

எனக்கு ஒரு பக்கம். முதலில், செஷனுக்கு ஒரு வாரம் முன்னால் எல்லோருடைய கேரக்டர் தாளையும் வாங்கிப் பார்ப்பேன். இதை வெட்கப்படாமல் செய்யுங்கள். அவர்கள் மந்திரப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பது. பிறகு அந்தத் திறமைகள் இருந்தால் மட்டுமே கதவு திறக்கும் இடம் ஒன்றிரண்டை வைப்பேன். கடலடியில் ஒரு நகரம். தண்ணீருக்குள் மூச்சு விட முடியாதவர்கள் அதை வாழ்நாளில் பார்க்க முடியாது. மேகத்துக்குள் ஒரு நீதிமன்றம். இறந்தவர்களின் ஊரில் ஒரு சாட்சி. சக்தியைக் கண்டு நாம் பயப்படாமல், ‘அதைக் கொண்டுவா, இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டேன்’ என்று சொல்லும்போது மேஜையில் முகங்கள் மாறுவதைப் பாருங்கள்.

பக்கத்தின் மீதியில் மூன்று பேர் இருப்பார்கள், மூன்று ஆசைகளோடு. கடைசியாக நடத்திய சாகசத்தைச் சொல்கிறேன். ஒரு ஏரிக்கு அடியில் ஒரு டைட்டன் தூங்குகிறான். ஏரியை வற்றவைத்து அவனை எழுப்பிப் படையில் சேர்க்க ஒரு ராணி விரும்புகிறாள், ஏனென்றால் அவளுடைய நாடு தோற்றுக்கொண்டிருக்கிறது. அவன் எழவே கூடாது என்று ஏரிக்கரை மடத்துத் தலைவர் நினைக்கிறார். அதற்காக ஆண்டுக்கு ஓர் உயிரை ஏரிக்குக் கொடுத்துவந்ததை யாருக்கும் சொல்லவில்லை. மூன்றாவது, அந்த டைட்டன். அவன் கனவில் பேசுகிறான். அவனுக்கு வேண்டியது சாவு.

கீழே ஒரு காலக்கணக்கு: யாரும் தலையிடாவிட்டால் முதல் நாள் என்ன ஆகும், மூன்றாம் நாள், ஆறாம் நாள், பத்தாம் நாள். அவ்வளவுதான் பக்கம். தீர்வை நான் எழுதவில்லை, எனக்கே தெரியாது. தெரிந்திருந்தால் அதை நோக்கி அவர்களைத் தள்ளிக்கொண்டு போவேன், அவர்கள் டெலிபோர்ட் போட்டு என்னிடமிருந்து தப்பிப்பார்கள். எங்கள் குழு மடத்துத் தலைவரைக் கைது செய்தது, ராணிக்குப் பொய் சொன்னது, டைட்டனுக்கு ஒரு நல்ல கனவை நிரந்தரமாக்கித் தர ஒன்பதாம் நிலை மந்திரம் ஒன்றைச் செலவழித்தது. நான் முப்பது பக்கம் எழுதியிருந்தால் அதில் இது இருந்திருக்காது.

கேட்ட ஆசையை நிறைவேற்றும் ‘விஷ்’ மந்திரம். கையைப் பிசைகிறேன்.
— ஒரு வரி வாசகர்

வேறொரு மந்திரத்தின் நகலாக இல்லாமல் சொந்த ஆசை கேட்டால், இனி வாழ்நாளில் விஷ் போடவே முடியாமல் போக நூற்றுக்கு 33 வாய்ப்பு. அதை உருட்டச் சொல்லுங்கள். வார்த்தையைத் திருகி வஞ்சிக்காதீர்கள். அது வக்கீல் வேலை. அந்த மேலே சொன்ன டைட்டன் கனவு விஷ்தான். பகடை 31 காட்டியது. எங்கள் மந்திரவாதி இனி அதைப் போட மாட்டாள். அவள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

17ஆம் லெவலில் ஒரு சண்டை மூன்று மணி நேரம் போகிறது. நடுவில் ஒருவர் தூங்கியேவிட்டார்.
— கொட்டாவி

தாக்கும் பகடையையும் சேதப் பகடையையும் சேர்த்தே உருட்டச் சொல்லுங்கள். அரக்கர்களின் சேதத்துக்குப் பகடையே வேண்டாம். புத்தகத்தில் சராசரி எண் அச்சிட்டிருக்கிறது. ஒருவர் ஆடும்போதே ‘அடுத்து நீங்கள்’ என்று அடுத்தவரை எழுப்பிவிடுங்கள். முடிவு தெரிந்துவிட்ட சண்டையை அங்கேயே நிறுத்தி, ‘மீதிப்பேரை வெட்டித் தள்ளினீர்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள். யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

தூங்கியவரை எழுப்பினீர்களா?

அக்கா, விதிப்புத்தகத்திலேயே மிகப் பெரிய அரக்கன் என்று டராஸ்க்கை இறக்கினேன். எல்லோரும் மேலே பறந்துகொண்டு அம்பு விட்டே கொன்றுவிட்டார்கள். அதற்கு இறக்கையும் இல்லை, எறிய ஆயுதமும் இல்லை. அவமானம்.
— 676 ஹிட் பாயின்ட்

நகரம் எவ்வளவு தூரத்தில் இருந்தது? அதுதான் தப்பு. டராஸ்க்கின் வேகம் ஒரு சுற்றுக்கு 40 அடி, ஓடினால் 80. நகரம் ஒரு மைல் தள்ளி இருந்தால், லெஜண்டரி ஆக்‌ஷனைச் சேர்க்காமல் பார்த்தால், ஓட்டமாக ஓடினாலும் போய்ச் சேர 66 சுற்று. அதற்குள் ஒரே ஒரு வில்லாளி சுற்றுக்கு இருபது சேதம் செய்தாலே 34 சுற்றில் கதை முடிந்தது. நீங்கள் திறந்த வெளியில் ஓர் இலக்கை நிறுத்திவிட்டு, அம்பு விடாதே என்கிறீர்கள்.

முதல் சுற்றிலேயே அது நகரத்துக்குள் நிற்கட்டும். அதற்கு உங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அது தெருத்தெருவாகத் தின்றுகொண்டே போகும். அம்பு விடுவதா, அடுத்த தெருவைக் காலி செய்வதா என்பதை அவர்கள் ஒவ்வொரு சுற்றும் முடிவு செய்யட்டும். குறிவைத்து எறியும் மந்திரங்களை அதன் ஓடு பொருட்படுத்தாது. ஆறுமுகப் பகடையில் ஆறு விழுந்தால் போட்டவர்மீதே திருப்பி அனுப்பும், மறக்காதீர்கள். எறிய ஆயுதம் இல்லை என்கிறீர்கள். புத்தகத்தில் இல்லைதான். நகரத்தில் மணிக்கூண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.